இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா

சுபஹுக்கு முந்தி ஒருக்கா,
விளக்கைப் போடாமலே.
இடுப்புக்குக் கீழே ஒரு கை, தோளுக்குப் பின்னால் ஒரு கை.
மாமியை இடப்பக்கம் புரட்டி
முதுகுக்குத் தலையணை கொடுக்கிறேன்.
பாரிசவாதம் வந்து பதினொரு மாதம்.
வலப்பக்கம் இப்போது யாருடையதோ.

இருபது வருசமாக
நான் உள்ளே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு
கதவுக்குப் பின்னால் போகிறவ.
என்னோடு பேசியதெல்லாம் கதவோடு பேசியது:
"மருமகனுக்குச் சோறு வெச்சிரிக்கி எண்டு சொல்லு புள்ள."
வீடு அவட. மகளுக்குச் சீதனமாக எழுதினது.
நான் ஒரு சூட்கேசோடு வந்து ஏறியவன்.

இப்போது எங்களுக்கிடையில் கதவு இல்லை.
கண்ணை மூடிக்கொள்றா.
அதுதான் கதவு.

கழுவித் துடைக்க ஸல்மியா ராத்தா வருவா,
பக்கத்து வளவு, ஒரு நாளைக்கு அறுநூறு.
அவ வராத நாளில்
போர்வைக்குள் கையை விட்டு, முகட்டைப் பார்த்தபடி
முடித்துவிடுகிறேன்.
மூன்றாவது வரிசையில் ஓடு வெடித்திருப்பது
அப்படித்தான் எனக்குத் தெரியும்.

கொழும்பிலிருந்து மச்சான் வந்தான்,
ஒரு பை ஆப்பிளோடு.
"மட்டக்களப்புல ஒரு இடம் இரிக்கி மச்சான்.
துப்பரவா வெச்சிரிக்காங்க, நேர்ஸ்மார் இரிக்காங்க.
மாசம் கட்டுறதுல பாதிய நான்…"
மாமியின் இடக்கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது.
அந்தக் கையை விரல் விரலாக எடுத்துவிடுவதற்குள்
அவனுடைய தேத்தண்ணி ஆறிவிட்டது.
மறுகா அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.
அந்தப் பாதிக் காசையும்தான்.

பிரதேச செயலகத்தில் ஒரு படிவம்.
நோயாளி: சீனத்தும்மா.
பராமரிப்பவர்: நான். உறவுமுறை: மருமகன்.
உத்தியோகத்தர் பிள்ளை பேனையை நிறுத்தினா.
"மகள் எங்க?"
"குவைத்துல."
"அங்க என்ன வேலை?"
"வயசு போன ஒரு மனிசியப் பாக்கிற வேலை."
கட்டம் சின்னது. அதற்குள் எதை எழுதுவது என்று
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"ஒங்கட தொழில்?"
மேசன் என்றேன். பிறகு, முந்தி மேசன் என்றேன்.
"தொழில் இல்லை" என்று எழுதினா.
பெயர் பட்டியலில் இருக்குமாம், வந்தால் சொல்லுவாங்களாம்.
மணி பத்தேகால். புரட்டுகிற நேரம் பத்தரை.
நிந்தவூர் வெயிலில் சைக்கிளை மிதித்தேன்
தொழில் இல்லாதவன்.

இரவில் ஜெஸீமா எடுப்பாள்.
"கையப் புடிச்சி இழுக்காதீங்க, தோள் கழண்டிரும்.
கெண்டைக்கால்ல தலாணிய வைங்க, குதிக்கால் படாம.
இஞ்ச மடத்துட உம்மாக்கு இப்பிடித்தான் செய்யிற,
இன்னம் ஒரு புண் வரல்ல."
போன கிழமை ஒரு இரவு நான் தூங்கிப்போனதையும்
விடிய மாமியின் இடுப்பில்
ஐந்து ரூபாக் குத்தியளவு சிவந்திருந்ததையும்
அவளுக்கு நான் சொல்லவில்லை.
தேங்காயெண்ணெய் பூசி, பக்கத்தில் இருந்து
அன்று முழுக்க மணிக்கூட்டைப் பார்த்தேன்.

அவள் அங்கே துடைக்கிற காசுதான்
இங்கே பம்பர்ஸ், மாவு, ராத்தாட அறுநூறு.
பட்டியலில் காத்திருப்பதை எங்களுக்குத் தருகிறது
குவைத்தில் படுத்திருக்கிற ஒரு மனிசி,
தான் தருவது தெரியாமலே.

நேற்று ஜெஸீமா போனைத் திருப்பிப் பிடித்தாள்.
வெள்ளைத் தலை, மூக்கில் குழாய்.
நானும் மாமிக்கு நேரே பிடித்தேன்.
ஒரு மகளால் உறவான இரண்டு பேர்
ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
அந்த மனிசி அரபியில் ஏதோ சொன்னா,
ஸலாம் மட்டும் எனக்கு விளங்கியது.
மாமி பாதி வாயால் "வ…" என்றா. மிச்சம் வரவில்லை.
வருமா என்று அங்கேயும் காத்திருந்தார்கள்.
கவரேஜ் போய்விட்டது.

மணி பத்தரை.
"கிறுகுவமா மாமி" என்றேன்.
கண்ணை மூடவில்லை.
இடக்கை கட்டில் சட்டத்தை விட்டு
என் சேட்டைக் கொத்தாகப் பிடித்தது.
"மெதுவா மாமி,
பட்டன் கழண்டிரும்."